ஆக்காட்டி வீட்டுப் பிரசவம்



கத்திரி வெயிலை ஒரு வழியாகத் தாண்டி விட்டோம். வடாம், வற்றல், ஊறுகாய் எல்லாம் டப்பாவில் ஏறி விட்டனவா? இந்த வருஷம் நான் மாடியில் வடாத்துக்குக் காவல் இருந்ததை விட, வீட்டுக்குப் பின்னால் நாலு முட்டைக்குக் காவல் இருந்ததுதான் அதிகம். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு வேப்பூரின் கடைசியில் இருக்கிறது. வீட்டுச் சுவரைத் தாண்டினால் ஒரு பெரியவரின் கொல்லை. எங்கள் பக்கத்தில் புஞ்சை நிலத்தைத்தான் கொல்லை என்போம். மழையை நம்பி மக்காச்சோளம் போடுவார்கள். அந்தக் கொல்லைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிறவர். சூளையில் உடைந்து, கோணி, கழிவாகிப் போன அகல் விளக்கும் பொம்மையுமாக மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டி அந்தப் பள்ளத்தைத் தூர்த்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில், பங்குனிக் கடைசியில் ஒரு ஜோடி ஆக்காட்டி குடித்தனம் வந்து சேர்ந்தது.

ஆள்காட்டி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நாம் சொல்வது ஆக்காட்டி. ஆள் வந்தால் காட்டிக் கொடுத்து விடும், அதனால் அந்தப் பெயர். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. முயலோ கௌதாரியோ உஷாராகி ஓடும்படி முன்கூட்டியே கத்தி ஊரைக் கூட்டி விடும். இங்கிலீஷ்காரர்கள் காதுக்கு அந்தச் சத்தம் 'டிட் ஹி டூ இட்?', அதாவது 'அவனா செய்தான்?' என்று கேட்கிறதாம். வடக்கே டிட்டிஹ்ரி என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் டிட்டிபம். பஞ்சதந்திரத்தில் தன் முட்டைகளைக் கொண்டுபோன சமுத்திரத்தையே எதிர்த்து நின்று, கருடன் மூலம் பெருமாள் வரைக்கும் முறையிட்டு முட்டைகளைத் திரும்ப வாங்கிய பறவை இதுதான்.

பார்ப்பதற்கு லட்சணமான பறவை. கௌதாரி அளவு உடம்பு, ஆனால் கால் நீளம். தலையும் மார்பும் கறுப்பு. முதுகு வெண்கலப் பாத்திரம் மங்கின மாதிரி பழுப்பு. கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்தோரமாக இறங்கி வயிற்று வெள்ளையோடு சேரும். கண்ணுக்கு முன்னால் குங்குமம் இட்டாற் போல் சிவப்புச் சதை. கால் இரண்டும் மஞ்சள் பூசிக் குளித்தாற் போல் மஞ்சள். இதனுடைய சொந்தக்காரர்களெல்லாம் ஏரிக்கரையில், சேற்றில் நடந்து இரை பொறுக்கும் உள்ளான் வகைகள். இதையும் வெலிங்டன் ஏரிக்கரை மாதிரி இடங்களில் பார்க்கலாம். ஆனால் இது தண்ணீரை விட்டு வெகு தூரம் புஞ்சைக்கும் வந்து விடும். வண்டு, எறும்பு, கரையான், வெட்டுக்கிளி, நத்தை என்று பயிருக்குப் பகையானவற்றையும் நிறையத் தின்னும். மரத்தில் அடைகிற பழக்கம் இல்லை. நடப்பது, தின்பது, முட்டையிடுவது எல்லாம் தரையில்தான்.

மாமியாரின் கோபம்

எங்கள் வீட்டில் அப்போது பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு மூன்று மாசம். ஆக்காட்டி ராத்திரியிலும் தூங்காத ஜாதி. நிலா வெளிச்சம் இருந்தால் கேட்கவே வேண்டாம். கீரி ஓடினாலும் கத்தும், நாய் நடந்தாலும் கத்தும். குழந்தை தூங்கிக் கண் மூடி அரை மணி ஆகியிருக்காது, வீல் என்று எழுந்து விடுவான்.

"பச்சப் புள்ளை இருக்கிற வீட்டுக்குப் பின்னால ராத்திரியில ஆக்காட்டி கத்தறது நல்லதில்லம்மா. ரெண்டு கல்லை எடுத்து வீசு, போயிடும்" என்றார் என் மாமியார்.

"அது நம்மள ஒண்ணும் சொல்லலை அத்தை. அதுக்கும் பிரசவ நேரம்" என்றேன்.

சொன்னேனே தவிர, நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். என் பையன் ஆறாவது படித்துக் கொண்டிருந்தான். ஏரிக்கரைக்கு விளையாடப் போனவன், கால்சட்டைப் பையில் இரண்டு முட்டைகளோடு வந்தான். "பாவம்மா, கூடு கூட இல்லாம வெயில்ல கெடக்குது" என்றான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு கோழி நாலு நாளாக அடையில் இருந்தது. அதன் வயிற்றுக்கடியில் இரண்டையும் செருகி வைத்தேன். பெரிய புண்ணியம் செய்து விட்டதாக நினைப்பு.

கோழி முட்டைக்கு இருபத்தோரு நாள். குஞ்சுகள் பொரிந்தன. கோழி அவற்றைக் கூட்டிக் கொண்டு மேயப் போய் விட்டது. ஆக்காட்டி முட்டை இரண்டும் ஆறிப் போய்க் கூடையில் கிடந்தன. கூமுட்டை போலும் என்று ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கண்ணும் காலுமாக உருவம் வந்திருந்தது. கோழி முட்டையை விடச் சிறிய இந்த முட்டைக்கு இருபத்தெட்டிலிருந்து முப்பது நாள் அடை வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இன்னொன்றை உடைக்க மனசு வரவில்லை. வேப்ப மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை கல்லை எடுக்கவில்லை.

கூடு இல்லாத கூடு

ஆக்காட்டிக்கு வைக்கோல், நார் என்று எதுவும் வேண்டாம். தரையை மார்பால் அழுத்திக் காலால் கீறி ஒரு சின்னக் குழி. சுற்றிலும் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை. இங்கே கூடவே பீங்கான் சில்லும் கிடந்தது. முட்டை கல் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். வடிவம் பம்பரம். நாலு முட்டையின் கூர் நுனியும் நடுவில் சேர்கிற மாதிரி இருப்பதால் இடம் அடைக்காமல், தாயின் வயிற்றுக்கடியில் கச்சிதமாக அடங்கி விடும். பத்தடி தள்ளி நின்றால் உங்களுக்குக் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போல முட்டைகள் சேர்ந்து, ஏப்ரல் 7-ஆம் தேதி நாலாவதைப் பார்த்தேன். பால் கணக்கு எழுதும் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன்.

அடை காப்பதில் ஆண், பெண் இரண்டும் முறை போட்டுக் கொள்ளும். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் எது அய்யா, எது அம்மா என்று நமக்குத் தெரியாது. ஒன்று எழுந்து போனால் மற்றொன்று வந்து உட்காரும். இதை நான் என் வீட்டுக்காரரிடம் நாலைந்து தடவை சொல்லிக் காட்டினேன். அவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

இதனுடைய தந்திரத்தைச் சொல்ல வேண்டும். ஆள் தூரத்தில் வரும்போதே அடையில் இருப்பது சத்தமில்லாமல் எழுந்து, குனிந்து ஓடி, வேறு எங்கோ போய் நின்று கொள்ளும். அங்கிருந்துதான் கத்தும். முட்டை அங்கேதான் இருக்கிறது என்று நாம் அந்தப் பக்கம் போய்த் தேடுவோம். நாயோ கீரியோ வந்தால் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டும். சில சமயம் சிறகொடிந்தது போல் தரையில் இழுத்துக் கொண்டு போய்த் தன் பின்னால் வர வைக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஆட்டுச் சந்தைக்கு மந்தை ஓட்டிப் போவார்கள். மந்தை கிட்டே வந்தால் மட்டும் இந்த நாடகமெல்லாம் கிடையாது. ஆடு முட்டையைத் தின்னாது, மிதிக்கத்தான் மிதிக்கும் என்று அதற்குத் தெரிகிறது. முட்டைக்கு முன்னால் இரண்டு சிறகையும் விரித்துக் கொண்டு நேருக்கு நேர் நிற்கும். ஆடுகள் திகைத்து ஒதுங்கிப் போவதை நானே பார்த்தேன்.

ஈர வயிறு

வெயில் ஏற ஏற எனக்குக் கவலை. தரை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. முட்டைக்குள் இருக்கும் கரு நம் உடம்புச் சூடு போல 37, 38 டிகிரியில்தான் நன்றாக வளரும். சூடு வெகுவாக ஏறினால் உள்ளேயே வெந்து போகும். அதாவது இந்த வெயிலில் அடை காப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டும் இல்லை, குடை பிடிப்பதும்தான்.

கோணிப் போன ஒரு பெரிய பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சுவரோரம் வைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பறவை வந்தது. தண்ணீரில் இறங்கி வயிற்றை மட்டும் முக்கி முக்கி எடுத்தது. குளிக்கிறது என்று நினைத்தேன். முதுகை நனைக்கவே இல்லை. நேரே நடந்து போய், ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்கார்ந்தது. பிறகு மற்றொன்று வந்து அதே மாதிரி செய்தது. ஜுரம் வந்த குழந்தைக்கு நாம் ஈரத் துணி போடுவதில்லையா, அதே வைத்தியம்தான்! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்திரிகையில் 1980-களிலேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

"பொண்ணு, வந்து பாரு" என்று மகளைக் கூப்பிட்டேன். மாமியாரும் பின்னாலேயே வந்து ஜன்னலில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தட்டில் தண்ணீர் குறைந்திருந்தபோது, நான் போவதற்குள் யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள்.

டிராக்டர் வந்த நாள்

ஏப்ரல் 23-ஆம் தேதி ராத்திரி நல்ல கோடை மழை. மறுநாள் காலையில் கோடை உழவுக்கு டிராக்டர் வந்து விட்டது. ஓடினேன். கொல்லைக்காரப் பெரியவர் வரப்பில் நின்று கொண்டிருந்தார்.

"மாமா, இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் விட்டுடச் சொல்லுங்க. ஆக்காட்டி அடையில இருக்குது."

"என்னாம்மா இது, குருவி முட்டைக்காக நெலத்தை விடச் சொல்றியா? மணிக் கணக்குல டிராக்டருக்குக் காசு குடுக்கறேன்."

"பன்னண்டு நாள்தான் மாமா. அதுக்கப்புறம் நானே ஆள் விட்டுக் கொத்தி விட்டுடறேன்."

அவர் சிரித்தார். "பன்னண்டுன்னு எண்ணியே வச்சிருக்கியா?"

காலண்டர் கணக்கைச் சொன்னேன். அன்றைக்குப் பதினேழு நாள் முடிந்திருந்தது. பெரியவர் டிராக்டர் ஓட்டும் தம்பியைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வேப்பங்குச்சி நாலு வெட்டி, முட்டையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நட்டு வைத்தேன். டிராக்டர் குச்சியை ஒட்டிச் சுற்றிக் கொண்டு போனது. இரண்டு பறவையும் அதன் சக்கரத்தோடு சண்டை போட்டபடியே இருந்தன. அது அந்தப் பக்கம் போன அடுத்த நிமிஷம் ஒன்று வந்து உட்கார்ந்து விட்டது. எனக்கு ஒரே பெருமை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

மறுநாள் காலையில் மூன்று முட்டைதான் இருந்தது.

குச்சி மேல் காக்கை. நான் நட்ட அதே குச்சி. உழுத கரிசலுக்கு நடுவே உழாத ஒரு திட்டு, அதற்கு அடையாளமாக நாலு குச்சி, மேலே உட்கார்ந்து பார்க்க வசதியான இடம். போதாக்குறைக்கு, தினமும் நான் காக்கைக்குச் சோறு வைப்பது அந்தப் பின்பக்கச் சுவரின் மேல். அழைத்து உட்கார வைத்தது நான்தான். கோழிக் கூடையில் முட்டை வைத்த அதே புத்தி!

அன்று சாயங்காலம் சென்னையில் வேலை பார்க்கும் பையனோடு போனில் பேசும்போது அழுகையே வந்து விட்டது. "இந்தத் தடவை கோழிகிட்ட குடுக்கலியேம்மா?" என்றான். அவனுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. அவன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். ஹாலந்து தேசத்தில் ஃப்ரீஸ்லாந்து என்ற மாகாணத்தில் இதே ஆக்காட்டியின் உறவுக்காரப் பறவை புல்வெளியில் முட்டையிடும். அங்கே ஊர்க்காரர்களே தன்னார்வமாகப் போய்க் கூடுகளைத் தேடி, குச்சி நட்டு அடையாளம் வைத்து விடுகிறார்களாம். விவசாயி டிராக்டரை அதற்கு ஒதுக்கி ஓட்டுவாராம். ஆனால் குச்சியைக் கூட்டுக்குப் பக்கத்தில் உயரமாக நட்டால் காக்கையும் அடையாளம் கற்றுக் கொள்ளுமாம். கூட்டை விட்டுத் தள்ளி, தாழ்வாகத்தான் வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இன்னொரு கதை. அந்தப் பறவையின் முட்டையைப் பணக்கார வீடுகளில் விருந்துக்கு வாங்கித் தின்றே குறைத்து விட்டார்கள். 1928-ல் அதைத் தடுக்க அவர்கள் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. நம் நாட்டிலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பறவைகளின் முட்டையை எடுப்பதும் கலைப்பதும் குற்றம்தான். என் பையனும் நானும் அறியாமல் செய்தோம். நீங்கள் அறிந்து கொள்ளுங்கள்.

பெரியவரிடம் சொல்லி விட்டு அன்று பொழுது சாய்ந்ததும் குச்சிகளைப் பிடுங்கினேன். அதற்குப் பதிலாக நன்றாகத் தள்ளி, உடைந்த வெள்ளை அகல் விளக்குகளைத் தரையோடு தரையாகக் கவிழ்த்து எல்லை வைத்தேன். மனுஷன் கண்ணுக்குத் தெரியும், காக்கை உட்கார வசதிப்படாது. காக்கைச் சோற்றை வாசல் பக்கம் மாற்றினோம். அதற்கு மாமியார் மறுப்பு சொல்வார் என்று பயந்தேன். "வாசல்ல வச்சாலும் அதே காக்காதானே வரும்" என்று விட்டார்.

மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கி மறுநாள். காலையில் முட்டைகளின் பக்கம் ஏதோ அசைவு. மத்தியானத்துக்குள் மூன்றும் பொரிந்து விட்டன. ஈரம் காய்ந்ததும் மண் நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி எழுந்து நடக்கின்றன! என் பேரன் மூன்று மாசம் முடிந்து இன்னும் குப்புற விழவில்லை. இது பிறந்த அன்றைக்கே நடக்கிறது. காரணம் அந்த நீண்ட அடைதான். சிட்டுக்குருவி ஏறக்குறைய பன்னிரண்டு நாளில் பொரிந்து, கண் திறக்காமல், உடம்பில் ரோமம் இல்லாமல் வெளியே வரும். அதற்குத் தாய் ஊட்ட வேண்டும். ஆக்காட்டி முட்டைக்குள்ளேயே கூடுதல் நாள் இருந்து, வளர்ந்து, கண் திறந்து வருகிறது. தானே கொத்தித் தின்னும். தாய் தகப்பன் செய்வதெல்லாம் வழி காட்டுவதும், காவல் இருப்பதும், குளிருக்கும் வெயிலுக்கும் சிறகு கொடுப்பதும்தான்.

மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. தாய் ஒரு குரல் கொடுத்தது. மூன்று குஞ்சும் நின்ற இடத்தில் அப்படியே படுத்து விட்டன. மண்ணோடு மண். ஒன்று மட்டும் நான் கவிழ்த்து வைத்த அகல் விளக்கின் நிழலில் ஒட்டிக் கொண்டிருந்தது. பருந்து போய், தாய் வேறு குரல் கொடுக்கிற வரைக்கும் அசையவில்லை. "நம்ம வீட்டுல ஒண்ணாவது இப்பிடிச் சொன்ன பேச்சு கேட்டிருக்குமா?" என்றார் மாமியார்.

நாலாம் நாள் எல்லாமாகச் சேர்ந்து கொல்லையைக் கடந்து ஏரிப் பக்கம் போய் விட்டன. அதற்குப் பிறகு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

* காலி மனையிலோ வயலோரத்திலோ ஆக்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்தினால் நின்று தேடாதீர்கள். வந்த வழியே, காலடி பார்த்துத் திரும்பி விடுங்கள். வெயிலில் நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை சுடுகிறது.

* செல்போனில் படம் எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம். நீங்கள் குனிகிற இடத்தைக் காக்கை பார்த்துக் கொண்டிருக்கும்.

* அகலமான, ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் இல்லை, நன்றாகத் தள்ளி. மீந்த சோறு, குழம்பு எதையும் அந்தப் பக்கம் கொட்டாதீர்கள்.

* வீட்டு நாயை ஒரு மாசம் கட்டி வையுங்கள்.

* தனியாகப் படுத்திருக்கும் குஞ்சைப் பார்த்தால் அனாதை என்று வீட்டுக்கு எடுத்து வந்து விடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். நடுரோட்டில் இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்து ஓரத்தில் விட்டு, சட்டென்று விலகி விடுங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

* வீடு கட்டக் கொட்டிய ஜல்லியிலும், சில சமயம் மொட்டை மாடியிலும் கூட இது முட்டையிடும். முடிந்தால் அந்த ஓரத்து வேலையை மட்டும் ஒரு மாசம் தள்ளிப் போடுங்கள். காலண்டரில் புள்ளி வைத்தால் முப்பது நாள் ஓடுவதே தெரியாது.

குஞ்சுகள் போன மறுநாள், சொன்ன சொல்லைக் காப்பாற்ற மண்வெட்டியோடு ஆள் அழைத்துக் கொண்டு கொல்லைக்குப் போனேன். பெரியவர் அங்கேதான் நின்று கொண்டிருந்தார். "இருக்கட்டும்மா. அந்தத் திட்டு என்ன பெரிய நெலமா? அடுத்த வருஷமும் வந்தாலும் வரும்" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பி விட்டார். அகல் விளக்குகள் இன்னும் அங்கேயே கவிழ்ந்து கிடக்கின்றன.

நேற்று ராத்திரி ஏரிப் பக்கமிருந்து ஆக்காட்டிச் சத்தம் கேட்டது. பேரன் ஒரு தரம் சிணுங்கி விட்டுத் தூங்கிப் போனான். மாமியார் இருட்டில் எழுந்து உட்கார்ந்தார்.

"நம்மளுதாம்மா அது?" என்று கேட்டார்.

"இருக்கும் அத்தை" என்றேன்.

அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே.